நின்றபடி வாங்கிய அப்பம்

என் வலது முழங்காலுக்கு ஆண்டவர் செய்த நன்மையைச் சொல்லத்தான் எழுதுகிறேன், அன்பானவர்களே. முழங்காலுக்கெல்லாம் ஒரு சாட்சியா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடுகிறவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

என் பெயர் ஜெயமணி. மேட்டுப்பாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். விசிலும் குரலும்தான் என் சொத்து. போன வருடம், ஆடிக்காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், பிள்ளைகளுக்கு கோ-கோ பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். கம்பத்தைப் பிடித்து எப்படித் திரும்ப வேண்டும் என்று வாயால் சொன்னால் அவர்களுக்கு ஏறாது. ஓடிக் காட்டினேன். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது போல இருந்தது. மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னைப் பார்த்துப் பயப்படுகிற பிள்ளைகள் எல்லாம் எனக்காகப் பயந்து நின்றார்கள்.

என் வீட்டுக்காரர் தேவராஜ் இரண்டு சக்கர வண்டி மெக்கானிக். அவருக்கு உலகத்தில் எல்லாமே வண்டிதான். "ரெண்டு வருசமா உன்ற முட்டி சத்தம் போடுதுன்னு சொல்லீட்டே இருக்கறனே அம்மணி. வண்டியா இருந்தா அப்பவே பிரிச்சுப் பாத்திருப்பேன்" என்றார். ஸ்கேன் பார்த்த டாக்டரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். உள்ளே சவ்வு கிழிந்திருக்கிறது. அதற்கு முன்பே மூட்டு தேய ஆரம்பித்திருக்கிறது. இத்தனை வருடம் குதித்ததற்கும் ஓடியதற்கும் இதுதான் மிச்சம்.

மாத்திரை சாப்பிட்டேன். எண்ணெய் தேய்த்தேன். உறை மாட்டிக்கொண்டு நடந்தேன். பிசியோதெரபிக்கு ஒழுங்காகப் போனேன். வலி குறையும், பிறகு திரும்பி வரும். மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊதினேன். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது வேறு ஒன்று. என்னால் முழங்கால் போட்டு ஜெபிக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் ஜெபம் என்றாலே முழங்கால்தான். காய்ச்சல் வந்தாலும் முழங்கால், கல்யாணம் நிச்சயமானாலும் முழங்கால். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் பவானி ஜமக்காளத்தை விரித்துப் பெண்கள் எல்லாம் முழங்காலில் நின்றால் மணிக்கணக்கில் எழ மாட்டோம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பி.டி. டீச்சர் அல்லவா, கடைசியாக எழுவது நானாகத்தான் இருப்பேன்.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் ஆராதனையில் திருவிருந்து வாங்கப் போனேன். பீடத்துக்கு முன்னால் இருக்கிற கம்பித் தடுப்பில் எல்லோரும் வரிசையாக முழங்கால் போட்டு, அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொண்டு எழுந்து போவோம், உங்களுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு முழங்கால் போட்டேன். வாங்கினேன். எழ முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து போய்விட்டார்கள். அடுத்த வரிசை காத்து நிற்கிறது. பாடகர் குழு பாடின சரணத்தையே திரும்பப் பாடுகிறது. கடைசியில் இரண்டு பெண்கள் என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். இடத்துக்கு வந்து முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு அழுதேன். பார்த்தவர்கள் பக்தியில் அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு திருவிருந்து அன்று நான் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவேன். அங்கே ஏற்கெனவே சிலர் இருந்தார்கள். எல்லாரும் முன்னால் போகும்போது அவர்கள் மட்டும் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். ஏன் போகவில்லை என்று நான் அவர்களைக் கேட்கவில்லை, அவர்களும் என்னைக் கேட்கவில்லை.

வீட்டில் கட்டில் ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து ஜெபித்துப் பார்த்தேன். வார்த்தை வரவில்லை. பெரியவர் முன்னால் கால் மேல் கால் போட்டு உதவி கேட்பது போல இருந்தது. இந்த ஜெபம் கூரையைத் தாண்டாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் வாழ்க்கையிலேயே ஆண்டவர் தூரமாகத் தெரிந்த நாட்கள் அவை. ஒரே ஒரு விண்ணப்பம்தான் என்னிடம் இருந்தது: "ஆண்டவரே, என்னை மறுபடி முழங்காலில் நிற்க வையும்." வேறு எதுவும் கேட்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில், என் பிசியோதெரபி அம்மா கோயம்புத்தூரில் ஒரு எலும்பு டாக்டரைப் போய்ப் பார்க்கச் சொன்னார். ஸ்டெம் செல் சிகிச்சை என்றார். என் கைபேசியில் ஏற்கெனவே அந்தப் பெயரில் விளம்பரங்கள் வந்து குவிந்திருந்தன. ஒரே ஊசி, புது முழங்கால், ஆபரேஷனே வேண்டாம் என்று. நானும் அந்த எண்ணத்தோடுதான் காலை பாசஞ்சர் ரயிலில் ஏறினேன்.

டாக்டர் என் ஆசையில் முதலிலேயே தண்ணீர் ஊற்றினார். கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரர், பேச்சில் மரியாதை சொட்டும், ஆனால் நெளிவு சுளிவு கிடையாது. விளம்பரத்தை நம்பி எங்கேயும் போய் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள் என்றார். இது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிற சிகிச்சை. முறையான அனுமதியோடு ஒரு ஆய்வுக்காகத்தான் செய்கிறோம். சிலருக்கு வலி நன்றாகக் குறைகிறது, சிலருக்கு ஒன்றுமே ஆவதில்லை. எத்தனை நாள் தாங்கும் என்றும் இப்போதே சொல்ல முடியாது. முழுக்கத் தேய்ந்த மூட்டுக்கு இது ஆகாது, அவர்களுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன்தான் வழி. உங்களுடையது நடுத்தரத் தேய்மானம், பரிசோதனை எல்லாம் பொருந்தி வந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். இவ்வளவு நேராகப் பேசுகிற மனிதரை நம்பலாம் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

காத்திருந்தேன். லெந்தின் கடைசி வாரம், பெரிய வியாழன் அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். சேர்த்துக்கொண்டோம், பள்ளி விடுமுறையில் வாருங்கள் என்றார்கள். சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே நின்றேன்.

சிகிச்சை அன்று என்னைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, இடுப்பு எலும்புக்குள்ளிருந்து மஜ்ஜையை எடுத்தார்கள். வலி என்று சொல்ல முடியாது, உள்ளே யாரோ அழுத்தி இழுப்பது போல ஒரு உணர்வு. அதை ஒரு இயந்திரத்தில் வைத்துச் சுழற்றி, வேண்டியதைப் பிரித்து எடுத்து, என்னைத் திருப்பிப் படுக்க வைத்து, திரையில் பார்த்தபடி என் முழங்காலுக்குள் செலுத்தினார்கள். என்னிடமிருந்தே எடுத்து எனக்கே கொடுத்தார்கள். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, பழைய வண்டியின் சாமானையே கழற்றி அதே வண்டிக்குப் போடுகிற வேலையை இதுவரை கேள்விப்பட்டதில்லை என்றார். குப்புறக் கிடந்த நேரம் முழுக்க நான் ஜெபித்தேன். முழங்காலில் இல்லையே என்ற நினைப்பே அப்போது வரவில்லை. அது ஏன் என்று யோசிக்க எனக்கு இன்னும் பல மாதம் ஆயிற்று.

முதலில் வாக்கர், பிறகு கைத்தடி, பிறகு பிசியோதெரபி. வலி ஒரே நாளில் போகவில்லை. பள்ளி திறந்தபோதும் நாற்காலியில்தான் இருந்தேன். பிறகு டாக்டரிடம் மறுபரிசோதனைக்குப் போன ஒரு காலையில் கோயம்புத்தூர் ரயில் நிலையத்தில் மேம்பாலப் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி வந்த பிறகுதான் கவனித்தேன், என் கை கைப்பிடியில் இல்லை. தோளில் பையைப் பிடித்துக்கொண்டிருந்தது. கூட்டம் இடித்துக்கொண்டு போக, நான் அந்தப் படியிலேயே நின்று அழுதேன். ஒரு பூக்கார அம்மா, "ஏனுங்கம்மா, எதாச்சும் தொலைச்சுப்போட்டீங்களா?" என்று கேட்டார். இல்லீங்க, கிடைச்சிருச்சுங்க என்றேன்.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: குதிக்கக் கூடாது, குத்தவைத்து உட்காரக் கூடாது, தரையில் முழங்கால் ஊன்றக் கூடாது. எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினேன். அந்தக் கடைசி விஷயத்தில் ஜெபமும் அடங்கும் என்று என் புத்திக்குத் தோன்றவே இல்லை. ஜெபம் எப்படி முழங்காலைக் கெடுக்கும்?

உபவாச ஜெபத்துப் பெண்கள் என் வீட்டில் நன்றிக் கூட்டம் வைத்தார்கள். எங்கள் தலைவி சுகந்தி, என்னைவிடச் சின்னவள், குரலெடுத்து ஜெபித்தால் தெருவே கேட்கும். "எல்லாரும் முழங்கால்ல நின்னு ஆண்டவருக்கு நன்றி சொல்லலாமுங்க" என்றாள். முதலில் முழங்கால் போட்டது நான்தான். ஒவ்வொருவராக ஜெபித்தார்கள், ஒருவரும் சுருக்கமாக முடிக்கவில்லை. எனக்கு வலித்தது. நன்றி சொல்லும்போது வலிக்கிறது என்று எப்படி எழுவது? சுகந்தி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்ததைக்கூடப் பார்த்தேன், அவளுக்கு அசதி என்று நினைத்தேன். சாயங்காலத்துக்குள் என் முழங்கால் பப்பாளிக்காய் போல வீங்கிவிட்டது.

மறுபடி கோயம்புத்தூர். நடந்ததைச் சொன்னேன். டாக்டர் கோபப்படவில்லை. வீக்கத்தை அழுத்திப் பார்த்தார். பெரிய சேதம் இல்லை, ஓய்வெடுத்தால் வடியும் என்றார். இனி எப்போதும் இந்த முழங்காலைத் தரையில் ஊன்றாமல் இருப்பதுதான் நல்லது என்றார். நான் எனக்கு ஜெபம் எவ்வளவு முக்கியம் என்று விளக்க ஆரம்பித்தேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "நானும் கும்புடறவன்தானுங்க டீச்சர். முட்டி போட்டுத்தான் கும்புடோணுமான்னு உங்க சாமிகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்."

ரயிலில் வரும்போது எனக்கு ஆத்திரம். நான் கேட்டது ஒன்றே ஒன்று, அதைத் தவிர எல்லாவற்றையும் கொடுத்துவிட்டீரே என்று ஆண்டவரோடு சண்டை போட்டேன். காரமடை தாண்டும்போதுதான் கவனித்தேன். நான் கால் நீட்டி, ஜன்னலோரம் உட்கார்ந்து, அவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். வார்த்தை தடையில்லாமல் வருகிறது. அவர் தூரமாக இல்லை. குப்புறக் கிடந்தபோதும் தூரமாக இல்லை. தூரம் என்று நினைத்தது நான்தான்.

வீக்கம் வடிந்ததும் எங்கள் சபை ஆயரைப் போய்ப் பார்த்தேன். திருவிருந்துக்கு என்ன செய்வது என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். பெரிய விளக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "கம்பிகிட்ட வந்து நில்லுங்கம்மா. நான் கையைக் கொஞ்சம் ஒசத்திக்கறேன், அவ்வளவுதானுங்களே."

அறுப்பின் பண்டிகை வந்தது. கோவில் முழுக்க வாழைத்தாரும் கரும்பும் பூசணியும். திருவிருந்து நேரத்தில் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தேன். நடுவழியில் நடந்து போய்க் கம்பித் தடுப்பின் ஓரத்தில் நின்றேன். மற்றவர்கள் எல்லாம் முழங்காலில் இருக்க, நான் மட்டும் கொடிக்கம்பம் மாதிரி நிற்கிறேன். ஊரே என் முதுகைப் பார்ப்பதாக இருந்தது. ஆயர் வந்தார், கையை உயர்த்தினார். அப்பத்தை வாங்கினேன். அழவில்லை. மனம் முழுக்க நன்றி மட்டும்தான் இருந்தது.

திரும்பும்போது பார்க்கிறேன், கடைசி பெஞ்சு காலி. ரிட்டையரான ரயில்வேக்காரர், இடுப்பு ஆபரேஷன் செய்த அம்மா, இன்னும் இரண்டு மூன்று பேர், வழியில் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். பல வருடமாகத் திருவிருந்து வாங்காமல் இருந்தவர்கள். முழங்கால் போட முடியாது என்று சொல்ல வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தவர்கள். அந்த வரிசையின் கடைசியில் சுகந்தி. என்னைக் கடக்கும்போது என் கையைப் பிடித்தாள். "எனக்கும் ரொம்ப நாளா முடியறதில்லீங்கக்கா. தலைவின்னு பேரு வெச்சுட்டு எப்படீங்க சொல்லுவேன்" என்று காதோரம் சொல்லிவிட்டு, போய் நின்றபடி வாங்கினாள்.

அன்றைக்குத்தான் என் ஜெபத்துக்குப் பதில் முழுதாக வந்தது. நான் என் ஒரு முழங்காலுக்காகக் கேட்டேன். அவர் ஒரு பெஞ்சையே எழுப்பிக் கொண்டுவந்தார்.

இன்றைக்கு நான் மைதானத்தில் நிற்கிறேன், நடக்கிறேன், தேவையானபோது பிள்ளைகளைத் துரத்தவும் செய்கிறேன். இந்த நிவாரணம் எத்தனை நாளைக்கு என்று டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாளை ஆபரேஷன் தேவைப்பட்டால் அதற்கும் போவேன். எனக்குப் பலித்த ஊசி உங்களுக்கும் பலிக்கும் என்று நான் சொல்லவில்லை. அதை நல்ல டாக்டரிடம் கேளுங்கள். ஆண்டவரிடம் கேட்க வேண்டியதை மட்டும் ஒத்திப் போடாதீர்கள். படுத்துக் கேளுங்கள், நடந்துகொண்டே கேளுங்கள், ஆத்திரத்தோடு வேண்டுமானாலும் கேளுங்கள். என் குரலைக் கேட்டவர் உங்கள் குரலையும் கேட்பார்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் இப்போதும் எங்கள் வீட்டில்தான் நடக்கிறது. முழங்கால் முடியாது என்று வராமல் இருப்பவர்கள் கட்டாயம் வாருங்கள். ஜமக்காளத்துக்குப் பக்கத்தில் நாற்காலிகள் போட்டு வைத்திருக்கிறோம்.