குண்டுக்குள் போன ஈயச்சொம்பு

என் வீட்டுக்காரர் குண்டு வார்க்க உட்கார்ந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காரீயப் புகை பிள்ளைகளுக்கு ஆகாது என்று கத்திக் கத்தி, அந்த வேலையைப் புழக்கடைக்குத் துரத்தினேன். அங்கே மூன்று கல் வைத்து, பழைய இரும்புச் சட்டியில் ஈயத்தைக் காய்ச்சி, இடுக்கி மாதிரி இருக்கும் அச்சில் ஊற்றுவார்.

துப்பாக்கி மாமனார் விட்டுப்போனது. வெள்ளைக்காரன் காலத்துப் பட்டாளத் துப்பாக்கி, லைசென்ஸ் உண்டு. குழல் வாய் வழியாக வெடிமருந்தையும் குண்டையும் போட்டுக் கெட்டிக்க வேண்டும். உத்திரமேரூர் பக்கம் எங்கள் வேர்க்கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றி தொல்லை. பன்றியைச் சுட்டால் கேஸ் ஆகிவிடும். அதனால் வரப்போரத்து மொட்டைப்பனையைச் சுடுவார்.

"சத்தந்தானே வேணும், வெடி வாங்கிக் கொளுத்துய்யா" என்பேன்.

"உனக்கு இன்னாமே தெரியும்? குண்டு பனைல படுற சத்தத்துக்குத்தான் பன்னி ஓடுது."

"பன்னி வந்து உன்கிட்ட சொல்லிச்சா?"

அறுவடை முடிந்ததும் பனையை உளியால் குடைந்து குண்டுகளை எடுத்து, மறுபடி உருக்குவார். மாமனார் சுட்ட ஈயத்தைத்தான் மகனும் சுட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு வருஷம் குண்டெல்லாம் சுண்டைக்காய் வற்றல் மாதிரி சுருங்கிச் சுருங்கி வந்தது. துளி வெள்ளீயம் சேர்த்தால் வழவழப்பாக வரும் என்றார். சொல்லிவிட்டு, வெள்ளீயத்தில் செய்த என் ரசச் சொம்பைப் பார்த்தார். அம்மா செத்த பிறகு எனக்கென்று வந்த ஒரே பாத்திரம் அது. காஞ்சிபுரத்து வீட்டில் அம்மா அதில்தான் கடைசிவரை ரசம் வைத்தாள்.

"அதுல கைய வெச்சே, நான் அண்ணன் வூட்டுக்கு பஸ் ஏறிடுவேன், ஆமா" என்றேன்.

ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் அலமாரியில் சொம்பு இல்லை. புழக்கடைக்கு ஓடினேன். சட்டிக்கு முன்னால் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார்.

"விளிம்பத்தான்மே லேசா முக்கினேன். சட்டுனு மொத்தமும் உள்ள போயிடுச்சு."

சூட்டில் போட்ட வெல்லம் மாதிரி கரைந்திருக்கிறது. "எங்கம்மா கை பட்ட சொம்புய்யா, பாவி!" என்று அழுதேன். பக்கத்தில் சாக்கின்மேல் புதுக் குண்டுகள் பளபளவென்று கிடந்தன. அடடா, அவ்வளவு அழகு! செத்தாலும் அதை அவரிடம் சொல்லக் கூடாது என்று இருந்துவிட்டேன்.

விளைந்த கடலையை விட்டுவிட்டு பஸ் ஏற மனசு வரவில்லை. ஆனால் அவரோடு பேசவில்லை, ரசமும் வைக்கவில்லை. மனுஷனுக்கு ரசம் இல்லாமல் சோறு இறங்காது. இருந்தும் குறை சொல்லாமல் மோரை ஊற்றித் தின்றார். பொழுது சாய்கிற நேரத்தில் கொல்லைப் பக்கம் சத்தம் கேட்கும்போதெல்லாம், அம்மா சொம்பில் இன்னொரு துண்டு பனைக்குள் போனது என்று எண்ணிக்கொள்வேன்.

கடலை வீடு வந்து சேர்ந்தது. அவர் உளியை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பனையைத் துளி விடாமல் குடைந்தார். எடுத்ததையும் மிச்சமிருந்ததையும் ஒன்றாக உருக்கி, ஒரே கட்டியாக வார்த்து, துண்டில் சுற்றி என் முன்னால் வைத்தார்.

"பிரிக்க முடியாதாம்மே. பாத்திரக் கடைல கேட்டுட்டேன். எங்க நைனாவோட ஈயமும் இதுலதான் கீது. எல்லாம் உன்கிட்டயே இருக்கட்டும்."

கட்டியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்தேன்.

அடுத்த கடலைப் பட்டத்துக்கு அவரிடம் ஒரு குண்டுகூட இல்லை. துப்பாக்கி ஆணியிலேயே தொங்கியது. சாயங்காலமானால் பன்றி விரட்டக் காலி எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குக் கிளம்பிவிடுவார். அவர் டமடமவென்று தட்டுவது வீடுவரை கேட்டது. எத்தனை நாள்தான் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது? ஒருநாள் எவர்சில்வர் பாத்திரத்தில் ரசம் வைத்து, சோற்றோடு தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு போனேன்.

வரப்பில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"உங்கம்மா சொம்பு ரசம் மாதிரி இல்லமே."

"எப்படி இருக்கும்?" என்று கத்த வாயெடுத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ சாப்புடுய்யா" என்று சொல்லிவிட்டு, டின்னை வாங்கி நான் தட்ட ஆரம்பித்தேன்.