லண்டன் கட்சியும் அமெரிக்கக் கட்சியும்

விசையைத் தட்டியதும் முதலில் வருவது ஓசை அல்ல, வாசனை. உள்ளேயிருக்கும் கண்ணாடிக் குழல்கள் சூடேறி, அவற்றின்மேல் படிந்த தூசு கருகும் வாசனை. புகைக் கொட்டகையில் காயும் ரப்பர் தகடுகளின் நெடியோடு அது கலந்ததும், என் அண்ணன் சேகர் கிட்டாரை எடுத்துவிட்டார் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் தெரிந்துவிடும். அந்த ஒலிபெருக்கியை நாங்கள் 'ஆம்ப்பு' என்போம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு அருகிலிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் எழுபதுகளில் இருந்தது அது ஒன்றுதான். அண்ணனும் அடுத்த வீட்டு மணியமும் சேர்ந்து வாங்கியது. இரண்டு கிட்டார்களைச் செருக இரண்டு துளைகள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர்.

இருவரும் முதலில் ஒரே கோஷ்டியாகத்தான் இருந்தார்கள். பிரித்துவைத்தவர்கள், எங்கள் தோட்டத்தைக் கனவில்கூடக் கண்டிராத வெள்ளைக்காரர்கள். பாடகரே இல்லாமல் கிட்டாரை மட்டும் வைத்துக்கொண்டு உலகத்தை ஆட்டிவைத்த இரண்டு குழுக்கள் அப்போது உண்டு. லண்டன்காரர்கள் கோட்டுப் போட்டு, மூன்றடி முன்னால் வந்து மூன்றடி பின்னால் போய், ஒவ்வொரு சுரத்தையும் துடைத்து வைத்ததுபோல் வாசிப்பார்கள். அமெரிக்காக்காரர்களுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது, டிரம்மும் கிட்டாருமாக ஒரே ஓட்டம். அண்ணன் லண்டன் கட்சி, மணியண்ணன் அமெரிக்கக் கட்சி. கடைசியில் கோஷ்டி இரண்டானது. ஆம்ப்பு மட்டும் வாரம் ஒரு வீடாகக் குடிமாறிக்கொண்டிருந்தது. "பொறந்ததுலருந்து ஒரே தட்டுல சோறு தின்னவனுங்க, எவனோ வெள்ளக்காரனுக்காக மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போறானுங்க" என்று அம்மா அலுத்துக்கொள்வார்.

நான் பிறவி லண்டன் கட்சி. எங்கள் அண்ணன் எம்.ஜி.ஆர் காலத்துப் பாட்டுகளைக்கூட அந்தத் துடைத்த பாணியில் வாசிக்க, பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்துவிட்டு வரும் பெண்கள் கூடவே முணுமுணுத்துக்கொண்டு நடப்பார்கள். அந்தப் பெருமையைப் பள்ளிக்கூடம்வரை சுமந்துபோனேன். ஆனால் இன்று நேர்மையாக யோசித்தால் அமெரிக்கக் கட்சிதான் ஆழமாக வேர்விட்டது. மணியண்ணன் கோயில் உறுமிக்காரரையே தன் கோஷ்டியில் உட்காரவைத்தார். அந்த வேகத்துக்கு உறுமி பொருந்திய அழகை, வேண்டுமென்றே காதைப் பொத்திக்கொண்டு தவறவிட்டவள் நான்.

இரு கட்சிக்கும் வேதம், ஈப்போவில் ஒரு கடைக்காரர் இசைத்தட்டிலிருந்து பிரதி எடுத்துக் கொடுத்த கேசட்டுகள்தாம். இரண்டு கேசட்டிலும் கடைசியாக ஒரே மெட்டு இருந்தது. மெதுவாகத் தொடங்கி, நடுவில் ஒருமுறை நின்று, நினைத்துக்கொண்டதுபோல் மீண்டும் எழும் மெட்டு. அண்ணன் கேசட்டில் லண்டன் பெயர் எழுதியிருந்தது, மணியண்ணன் கேசட்டில் அமெரிக்கப் பெயர். மெட்டு யாருடையது என்பதுதான் எங்கள் தோட்டத்தின் தீராத வழக்கு.

மணியண்ணனின் அக்காவுக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை சுங்காய் ஊர்க்காரர், எங்கள் அப்பா வழிச் சொந்தம். ஆகவே பெண் வீட்டுக்கு ஒரு கோஷ்டி, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு கோஷ்டி, இரண்டுக்கும் சேர்த்து அதே ஒரு ஆம்ப்பு. மாலை விருந்தில் இருவரும் கிட்டாரைச் செருகி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் முறைவைத்து வாசித்தார்கள். ஒரு கட்டத்தில் அண்ணன் அந்த மெட்டைத் தொடங்க, மணியண்ணனால் சும்மா இருக்க முடியவில்லை. அடியில் தாளம் கொடுத்தார், உறுமியும் சேர்ந்துகொண்டது. மெட்டு நடுவில் நின்ற இடத்தில் இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார்கள், சிரித்துவிட்டார்கள். அதுபோல் ஓர் இசையை நான் அதற்குப்பின் கேட்கவே இல்லை.

முடிந்ததும் மணியண்ணன் மைக்கைப் பிடித்து, "எங்காளுங்க பாட்ட சேகரு நல்லாவே வாசிச்சான்லா" என்றார், விளையாட்டாக. பன்னிரண்டு வயது நான் கூட்டத்தின் நடுவே எழுந்து, "பொய் சொல்றாரு. அது எங்கண்ணன் ஆளுங்க பாட்டு. மணியண்ணே திருடி வாசிக்கிறாரு" என்று கத்தினேன். மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். தன் அக்காவின் கல்யாணத்தில், சம்பந்திகள் முன்னால், திருடன் என்ற பெயர். மணியண்ணன் முகம் சுருங்கியது. அண்ணன் என்னை அதட்டியிருக்கலாம், அதட்டவில்லை. பிறகு இருவருக்கும் பேச்சே இல்லை. மறுவருடம் மணியண்ணன் குடும்பம் கமுந்திங்குக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டது.

பதினேழு வயதில் ஈப்போவில் படித்தபோது, இசைத்தட்டுகள் சேர்த்துவைத்திருந்த யாழ்ப்பாணத்து ஆசிரியை ஒருவரின் வீட்டில் அந்த மெட்டு ஒலித்தது. லண்டன் குழுவா, அமெரிக்கக் குழுவா என்று கேட்டேன். தட்டின் உறையைக் காட்டி, "ரெண்டு பேரும் இல்லைப் பிள்ளை. இது வேற ஆக்கள்" என்றார். கேசட்டில் மீந்த இடத்தைக் கடைக்காரர் கைக்குக் கிடைத்ததைக்கொண்டு நிரப்பி, கேட்டவர் கேட்ட பெயரையே எழுதி ஒட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்தேன், அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால், சபையில் நான் கத்திய பழி பொய்யென்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். எண்பதுகளின் நடுவில் மணியண்ணன் காய்ச்சலில் இறந்துபோனார்.

இப்போது லயம் நின்ற இடமெல்லாம் எண்ணெய்க்காக நட்ட செம்பனை. கேசட்டும் இல்லை, அதைப் போட்டுக் கேட்கும் பெட்டியும் இல்லை. உறுமிக்காரரின் பிள்ளைகள் எங்கே என்று தெரியவில்லை. போன தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்குப் போனபோது, என் பேரன் கைப்பேசியில் அந்த மெட்டைத் தேடி எடுத்துப் போட்டான். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன், எந்த வயதில் தெரிந்தது என்பது உட்பட. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"அப்பவே சொல்லிருக்கலாம்லம்மா" என்றார். "கமுந்திங் என்ன, மோட்டார் சைக்கிள்ல ஒரு மணி நேரந்தான்."