ஸ்பீக்கர் ஃபோர் சம்மதிக்கவில்லை

வழக்கம் போல முதலில் மன்னிப்பு. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது. வரி கோணும், சொன்னதையே திரும்பச் சொல்லும். இப்போது மறதி வேறு. போன வாரம் இதே பக்கத்தில் என்ன எழுதினேன் என்று கேட்டால் முழிப்பேன். ஆனால் இந்த வாரத்து விஷயம் மறக்காது. எப்படி மறக்கும்? ஒரு மெஷின் உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறதே!

புதிதாக வாசிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. மலையாள நாட்டில், ஸ்ரீவராகம் பக்கத்தில் ஒரு சின்ன டிராவல்ஸ் ஆபீசில் சாயா போடுவது என் வேலை. பதினாலு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் மீட்டிங் ரூமில் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. கூச்சம்.

பேசியதில்லை என்றா சொன்னேன்? முணுமுணுத்திருக்கிறேன். பால் பொங்கினால் பாலைத் திட்டுவேன். ரூமுக்குள் போனால் டம்ளரிடம் சொல்வேன். யாருக்கும் கேட்காது என்ற தைரியம்தான். பதினாலு வருஷமாக ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்த்ததில்லையே!

இப்படி இருக்கும்போதுதான் அனுஜா அந்த மெஷினைக் கொண்டு வந்தாள். அனுஜா எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண். மெஷின் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. அவள் போனுக்குள்ளேயே இருக்கிறது.

"இசக்கியக்கா, இதாக்கும் ஏஐ அசிஸ்டன்ட். மீட்டிங்ல நாம பேசறதெல்லாம் கேட்டு மினிட்ஸ் எழுதித் தரும். மலையாளம், தமிழ், இங்கிலீஷ் கலந்து பேசினாலும் அதுக்கு மனசிலாகும்."

"சாயா கேக்குமா?"

"கேக்காது."

"அப்ப நல்ல ஆளுதான்."

அன்றைக்கு மீட்டிங். முதலாளி ஷிபு சார், மானேஜர் சஜீவன், அனுஜா — மூன்று பேர். போனை பருப்புவடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். சஜீவன் ஒரு புது பேக்கேஜ் சொல்லிக்கொண்டிருந்தார். சாயங்காலம் கன்னியாகுமரியில் சன்செட். மறுநாள் காலையில் பொன்முடி மலையில் மூடுபனி. செக்போஸ்ட் கேட் திறக்கும்போது நம்ம வண்டிதான் முதல் வண்டியாக நிற்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே வேன், ஒரே டிரைவர்.

அந்த ஒரே டிரைவர் முருகேசன். வள்ளியூர்க்காரன். கன்னியாகுமரியிலிருந்து வந்து, ஆட்களை ஹோட்டல் ஹோட்டலாக இறக்கிவிட்டு, வேனைக் கழுவிவிட்டுப் படுக்கும்போது ஒரு மணி ஆகிவிடும். நாலு மணிக்கு மறுபடி வண்டி எடுக்க வேண்டுமாம். அவனை யார் கேட்டார்கள்? டிரைவர்களை மீட்டிங்குக்குக் கூப்பிடுவதில்லை. என்னிடம்தான் வந்து சொல்வான்: "பெரியம்மா, கண்ணு ரெண்டும் மொளகாப்பொடி போட்ட மாதிரி காந்துது. கட்டன்சாயா ஒண்ணு போடு, பாலில்லாம, கடுப்பமா."

அது மனசில் இருந்தது. டம்ளரை வைத்துக்கொண்டே வழக்கம் போல என் பாட்டைப் பாடியிருக்கிறேன். பாடிவிட்டு வந்து பாத்திரம் கழுவினேன். அவ்வளவுதான்.

மறுநாள் காலை அனுஜா அடுக்களைக்கு ஓடி வந்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு வாங்கியது.

"அக்கா, மினிட்ஸ் வந்தாச்சு! கேளுங்கோ. 'ஓட்டுநர் தூங்காமல் பொன்முடிக்கு வண்டி ஓட்டுவதை ஸ்பீக்கர் ஃபோர் கடுமையாக எதிர்த்தார். அந்த வண்டியில் தாம் ஏறப்போவதில்லை என்றார். மற்றவர்கள் யாரும் இதற்குப் பதில் சொல்லவில்லை. ஆகவே முடிவு எடுக்கப்படவில்லை.'"

"அது யாரு ஸ்பீக்கர் ஃபோரு?"

"அதுக்கு யாரோட பேரும் தெரியாதுக்கா, குரலுக்கு ஒரு நம்பர் போடும். இது நாலாவது குரல். இன்னும் இருக்கு. 'ஸ்பீக்கர் ஒன்றுக்கு சர்க்கரை இருப்பதால் பருப்புவடை ஒன்றோடு நிறுத்த வேண்டும். உடனடியாக நிறைவேற்ற வேண்டியது.'"

எனக்குக் கையில் இருந்த வடிகட்டி கீழே விழுந்தது. ஷிபு சார் இரண்டாவது வடையை எடுக்கும்போது, "சுகர் இருக்கு, கை மட்டும் நிக்காது" என்று நான் சொல்லியிருந்தேன். டம்ளரிடம்!

"ஏ புள்ள, அத அழிச்சிரு. வேலை போயிரும்."

"அழிக்க முடியாதுக்கா. எல்லாருக்கும் மெயில் போயாச்சு. மஸ்கட்டுக்கும்."

மஸ்கட் என்றால் லதா மேடம். ஷிபு சாரின் மூத்த அக்கா, கம்பெனியில் பாதி அவருக்கு. வருஷத்துக்கு ஒருமுறை வரும்போது எனக்கு ஒரு சோப்பும் பவுடர் டப்பாவும் தருவார். பத்து நிமிஷத்தில் அவரிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டதால் அடுக்களை வரைக்கும் கேட்டது.

"ஆராடா இந்த ஸ்பீக்கர் ஃபோர்? அந்த ஆபீஸ்ல புத்தி உள்ள ஒராளு!"

பிறகு சஜீவனின் குரல். பவ்யமாக.

"அது... ஞானா சேச்சி."

நான்தான் என்கிறார்! எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் சிரிப்பு. திட்டத்தைப் போட்டவரும் அவரே, எதிர்த்தவரும் அவரே.

"நல்லது சஜீவா. அப்போ ஆ மண்டத்தரம் பறஞ்ச ஸ்பீக்கர் டூ ஆரு?"

அந்த முட்டாள்தனத்தைச் சொன்னது யார் என்று கேட்கிறார். சிக்னல் ரேஞ்சு இல்லை என்று சஜீவன் சொல்ல, லைன் கட்டாகிவிட்டது. ஆபீசுக்கு நடுவில்... ரேஞ்சு இல்லையாம்!

வியாழக்கிழமை மறுபடி மீட்டிங். இந்தத் தடவை லதா மேடம் வீடியோவில், சுவர் டிவி முழுக்க. கீழே எழுத்து ஓடுகிறது. யார் பேசினாலும் முன்னால் ஒரு நம்பர். ஒருதடவை குரல் கேட்டால் அந்த மெஷின் மறக்காதாம். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, நம்பர் தெரியும். சேலைத் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் சாயா கொண்டுபோனேன். மூச்சுகூட மூக்கால்தான்.

சஜீவன் பேசினார். டிவியில் 2 என்று வந்தது.

"சஜீவா, அவிடெ ரெண்டுன்னு காணுதே?"

"அது மெஷின்டெ தெற்று சேச்சி." தப்பு மெஷின் பேரிலாம். மறுபடியும் 2.

தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் சொன்னார்: "சேச்சி, ஞான் நல்லோணம் ஆலோசிச்சு. முருகேசனுக்கு இதெல்லாம் சீலமாணு, பழக்கம்தான். ஸ்பீக்கர் ஃபோர் எதிர்ப்பை வாபஸ் வாங்கிட்டதா எழுதிக்கலாம். சனிக்கிழமை ஃபர்ஸ்ட் டிரிப்."

ஷிபு சார் தலையாட்டினார். எதிர்த்தவரே சொல்கிறார் என்று லதா மேடமும் தலையாட்டினார்.

அவ்வளவுதானா? என் பேச்சை இன்னொருத்தர் எடுத்துக்கொண்டார், சரி, போகட்டும். அதைத் திருப்பியும் கொடுத்துவிட்டாரே! சனிக்கிழமைக்கு இரண்டே நாள். அந்தப் பையன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கல்லாறு தாண்டி மலை ஏறுகிற காட்சி கண் முன்னால் வந்தது.

தலைப்பு வாயிலிருந்து நழுவியது.

"நான் எப்போ சம்மதிச்சேன்?"

டம்ளரிடம்தான் சொன்னேன். ஆனால் டிவியில் கொட்டை எழுத்தில்... 4.

எல்லாரும் முதலில் டிவியைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். பதினாலு வருஷத்தில் முதல்முறையாக.

"ஆரா அது?" என்றார் லதா மேடம்.

"இசக்கியக்கா" என்றாள் அனுஜா, மெதுவாக.

"சாயா இடுன்ன இசக்கியக்காவா? பறயூ அக்கா. தமிழ்லயே பறயூ."

என் கையில் இருந்த தட்டு கிடுகிடுவென்று ஆடியது. 'தொடர்ந்து பாத்திரச் சத்தம்' என்று மெஷின் அதையும் எழுதியதாம், பிறகு அனுஜா சொன்னாள். நான் டிவியைப் பார்க்கவில்லை. டம்ளரைப் பார்த்துத்தான் பேசினேன். அதுதான் எனக்குப் பழக்கம்.

"முருகேசன் நேத்து என் அடுக்களையில நின்னுக்கிட்டே தூங்கினாம்மா. கையில டம்ளரோட. சாயா ஒரு சொட்டு சிந்தலை... அவ்வளவு பழகிப்போச்சு அவனுக்கு. வேன்ல பன்னெண்டு பேரு இருப்பாங்க. அங்க இருபத்திரண்டு வளைவு இருக்காம். ஒரு வளைவுல கண்ணு சொருகினா போதாதா? அவ்வளவுதான் எனக்குத் தெரியும். தப்பா இருந்தா ஷெமிக்கணும்."

லதா மேடம் டிவியிலிருந்து கேட்டார்: "ஷிபூ, நீ கேறுமோ ஆ வண்டியில்?"

ஏறுவாயா என்று கேட்டார். ஷிபு சார் கையில் இருந்த வடையைத் தட்டில் வைத்தார். இரண்டாவது வடை.

முடிவு மினிட்சில் இருக்கிறது. கன்னியாகுமரி போன டிரைவர் மறுநாள் மலை ஏறக் கூடாது. பொன்முடிக்கு வேறு ஆள் போட வேண்டும். இரண்டு பேரும் நன்றாகத் தூங்க வேண்டும். முன்மொழிந்தவர்: ஸ்பீக்கர் ஃபோர். ஞாயிற்றுக்கிழமை முருகேசன் காலை பத்து மணி வரை தூங்கினானாம். வள்ளியூரிலிருந்து அவன் பெண்டாட்டி என்னைக் கூப்பிட்டாள். "இந்நேரம் வரைக்கும் தூங்கினேன்னு சொல்லுதாரு... வேலை போயிட்டா பெரியம்மா? மறைக்காம சொல்லுங்க" என்று ஒரே அழுகை.

சஜீவன் என்னோடு சண்டை போடவில்லை. சாயா வாங்கும்போது மட்டும், "அக்கா, இன்னிக்கு ஞான் ஒண்ணும் பறஞ்சில்ல, கேட்டோ" என்கிறார். ஷிபு சாரோ, இரண்டாவது வடை எடுப்பதற்கு முன்னால் போனைக் கவிழ்த்து வைக்கிறார். கவிழ்த்தால் கேட்காது என்று நினைக்கிறார், பாவம்.

அந்த மெஷினுக்கு ஊரில் உள்ள அறிவெல்லாம் இருக்கிறது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் மட்டும் அதற்குத் தெரியவில்லை — ரூமில் யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நின்றுகொண்டிருக்கிறார் என்பது. அதைத் தயவுசெய்து யாரும் அதற்குச் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு உதவி. அந்த இருபத்திரண்டு வளைவு முருகேசன் சொன்ன கணக்கு. நான் பொன்முடி போனதில்லை. கேட்டதையும் பாதி மறந்திருப்பேன். தப்பாக எழுதியிருந்தால் சங்கடம். யாராவது ஒருமுறை போய் எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.

தூங்கி எழுந்து போங்கள்.