அக்கா வெட்டச் சொன்ன முன்பாய்

மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்கு மேற்கே ஒரு சந்தில் பிறந்து, அதே சந்தில் வாழ்க்கைப்பட்டு, அந்தச் சந்தில் ஒருவரும் செய்யாத காரியத்தைச் செய்தவர் எங்கள் அக்கா. முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் உறவினர்களும் நண்பர்களும் இதைப் பந்திக்கு முன்னால் படித்தாலும் சரி, பின்னால் படித்தாலும் சரி. அக்காவின் கணவர், எங்கள் அத்திம்பேர் மட்டும் கட்டாயம் கடைசிவரை படிக்க வேண்டும். ஒரு வருடமாகப் படகைத் தொடாமல் இருப்பவர் அவர்தான்.

அப்பா காலமானபோது அக்கா கல்லூரிப் படிப்பைக்கூட முடிக்கவில்லை. டியூஷன் எடுத்து அம்மாவையும் என்னையும் தாங்கினார். பிறகு தியாகராய நகரில் ஒரு பெண்கள் பள்ளியில் பௌதிக ஆசிரியை ஆனார். பாண்டி பஜாரில் அவர் தலை தெரிந்தால் மாணவிகள் கையிலிருக்கும் ஐஸ்கிரீமை முதுகுக்குப் பின்னால் மறைப்பார்கள். அவ்வளவு கண்டிப்பு. என்னைப் படிக்க வைத்து, எனக்குக் கல்யாணம் செய்து வைத்ததும் அவர்தான்.

அத்திம்பேர் துறைமுகத்தில் இன்ஜினியர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஊரே கார் வாங்கிக்கொண்டிருந்தபோது இவர்கள் இருவரும் ஒரு பழைய மரப் பாய்ப்படகை வாங்கினார்கள். "கார் வாங்கற காசுக்கு யாராவது கப்பல் வாங்குவாளோ!" என்று பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். "கார்ல போனா மாம்பலம் வரைக்கும் போலாம். இதுல போனா மாம்பலமே கண்ணுக்குத் தெரியாது பெரியம்மா" என்றார் அக்கா. நானும் ஒரு தடவை போனேன். வாந்தி எடுத்ததைத் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை.

அந்தப் படகில் பாய்மரத்துக்கு முன்னால் கட்டும் முன்பாய் மகா பெரிது. இந்த மாதிரிப் பழைய படகுக்கு அதுதான் இன்ஜின் என்பார் அத்திம்பேர். ஆனால் திசை மாற்றும்போதெல்லாம் அது மரத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வர வேண்டும். ஒருவர் சுக்கானைப் பிடிக்க, இன்னொருவர் மூச்சைப் பிடித்துக் கயிற்றை இழுக்க வேண்டும். இழுப்பது அக்கா.

மார்பில் கட்டி வந்து அறுவை சிகிச்சை ஆன பிறகு அக்காவின் வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. அப்படியும் கடலுக்குப் போனார். மத்தியானக் கடற்காற்று வலுத்தபோது திசை மாற்றும்போது கயிறு கையிலிருந்து நழுவி, முன்பாய் பாதியில் மரத்தில் சிக்கி, படகு ஒரேயடியாகச் சாய்ந்து, மேல்தட்டில் தண்ணீர் ஏறிவிட்டது. நனைந்த புடவையோடு வீட்டுக்குள் நுழையும்போதே அக்கா சொன்னார்: "முன்பாயை வெட்டிச் சின்னதாக்கணும்."

அத்திம்பேர் குதித்தார். "நன்னா இருக்கற பாயை வெட்டறதாவது! வெட்டினா ஒட்ட முடியுமோ? காலம்பற இளங்காத்துல படகு நகரவே நகராது."

"நகரலேன்னா உக்காந்துண்டு ஃபிளாஸ்க் காபியைக் குடியுங்கோ. மத்தியானக் காத்துல பத்திரமா திரும்பி வரணும். அதுதான் முக்கியம்."

வாரக்கணக்கில் வீட்டில் இதே ரகளை. கடைசியில், "சரி, உன் கைக்காக" என்று அத்திம்பேர் இறங்கி வந்தார்.

மொட்டை மாடியில் பாயை விரித்து, வெட்ட வேண்டிய விளிம்பைக் கோலமாவில் கோடாக இழுத்துவிட்டு, அக்கா பள்ளிக்குப் போய்விட்டார். வடாம் காயவைக்க வந்த கீழ்வீட்டு மாமிக்கு மனசு கேட்கவில்லை. "இத்தனை பெரிய கோலத்தைப் போட்டுட்டுக் காவி இடாம போயிட்டாளே!" என்று கோடு நெடுகக் காவி பூசிவிட்டார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். பந்தல் துணி தைப்பவர் அந்தக் கோட்டிலேயே வெட்டி மடித்துத் தைத்தார். காவிக்கறை இன்றும் பாயின் ஓரத்தில் இருக்கிறது.

சின்னப் பாய்க்குத் தகுந்தபடி கயிறு ஓடும் கப்பியை முன்னால் நகர்த்தினார்கள். பாய்மரத்தை இரு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகளை அக்கா விரலால் சுண்டிப் பார்த்தார். வீணை வாசித்த கை அல்லவா! "இடது பக்கம் ஸ்ருதி எறங்கியிருக்கு, முறுக்குங்கோ" என்று அத்திம்பேரை விரட்டி, இரண்டும் ஒரே ஸ்வரத்தில் சேர்ந்த பிறகுதான் விட்டார். பிறகு கடலில் சுக்கானையும் கயிற்றையும் அவரிடமே கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாராம். "தொடவே மாட்டேங்கறாடா. நான் ஒண்டியா பண்ணணுமாம். டீச்சராச்சே, பரீட்சை வெக்கறா!" என்று அத்திம்பேர் என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார்.

நோய் திரும்பி வந்தது. அக்கா எங்களை விட்டுப் போனார். அதன் பிறகு யார் கூப்பிட்டாலும் அத்திம்பேர், "அவ கைக்காக வெட்டின பாய். அவளே இல்லே, இனிமே எனக்கெதுக்கு?" என்று சொல்லிவிடுகிறார்.

அடையாறு மருத்துவமனையில் அக்காவை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும், தினமும் ரசம் சாதம் கொடுத்தனுப்பிய கீழ்வீட்டு மாமிக்கும், ரத்தம் கொடுக்க ஓடி வந்த பழைய மாணவிகளுக்கும், படகில் தண்ணீர் சேராமல் இன்றுவரை இறைத்து வைக்கும் துறைமுக நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இனி அத்திம்பேருக்கு. மருத்துவமனையில் ஒரு நாள் நான் அக்காவிடம் கேட்டேன்: "இந்த உடம்பை வெச்சுண்டு ஒரு பாய்க்காக அத்தனை சண்டை போட்டியே, உன் கைக்கு அது அவ்வளவு பாரமாவா இருந்தது?"

"என் கைக்கா? போடா அசடு. எனக்கு ரொம்ப நாள் இல்லேன்னு அப்பவே தெரியும். அவர் தனியா போவார்டா. அந்தப் பெரிய பாயோட தனியா போனா திரும்பி வரமாட்டார். ஒத்த ஆள் எவ்வளவு சமாளிக்க முடியுமோ, அதுக்குத்தான் கோடு போட்டேன். இப்போ அவர்கிட்ட சொல்லாதே, அழுவார்."

அத்திம்பேரே, இப்போது சொல்லிவிட்டேன். அழுது முடியுங்கள். அந்தப் பாய் உங்கள் கைக்கு அளவெடுத்தது. ஞாயிற்றுக்கிழமை ஃபிளாஸ்கில் காபி போட்டு நான் கொண்டுவருகிறேன், கரையிலேயே நிற்கிறேன். நீங்கள் போய்விட்டு வாருங்கள்.