அப்பா விசாரித்த சாட்சி

அப்பாவின் முதலாமாண்டு நினைவு ஆராதனைக்கு வந்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் சபையாருக்கும் வணக்கம். இதில் சிலர் அப்பாவைச் "சந்தேகமே அறியாத விசுவாசி" என்று எழுதியிருக்கிறார்கள். அன்பில் எழுதியதுதான், ஆனால் உண்மையில்லை. அப்பா கடலைமிட்டாய் வாங்கினால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் என்னிடம் கொடுப்பார். ஒரே மகளான எனக்கு அவர் விட்டுச்சென்ற சொத்தும் அந்தச் சந்தேக புத்திதான்.

தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து, விடுதியில் தங்கிப் படித்து, தேவகோட்டையில் ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியரானார். காரைக்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தார். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அம்மா இறந்தார். அதன்பின் சமையல், ஜெபம், எனக்குத் தலைபின்னுவது எல்லாமே அப்பாதான். என் இரட்டைச்சடையில் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும்தான் இருக்கும்.

பள்ளிவிட்டு வந்ததும் ஆதித் திருச்சபையைப் பற்றிய புத்தகங்களோடு உட்கார்ந்துவிடுவார். பழைய விடைத்தாள்களின் பின்பக்கத்தில் கிரேக்க எழுத்துகளை எழுதிப் பழகுவார். படித்ததோடு விட்டாலும் பரவாயில்லை, வீட்டில் நடத்தியும் பார்ப்பார். ஊர் ஊராகப் போகும் போதகர் மூன்றாம் நாளும் தங்கினால் ஆள் சரியில்லை என்று ஆதிக் கிறிஸ்தவர்கள் சொல்லிவைத்திருந்தார்களாம். ஒருமுறை எங்கள் வீட்டில் தங்கிய சபை ஊழியர் ஒருவர் மூன்றாம் நாள் காலை காப்பிக்குக் காத்திருந்தார். அப்பாவோ அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு, பஸ் ஏற்றிவிட வாசலில் நின்றார். "ஆதிச் சபையில ஸ்டார் ஏது?" என்று முணுமுணுப்பார். ஆனாலும் டிசம்பர் வந்தால் எனக்காக ஏணியில் ஏறி ஸ்டார் கட்டுவார்.

வளர்ந்த பிள்ளைகளைச் சபையின் முழு உறுப்பினராக ஏற்கும் திடப்படுத்தல் எனக்கு வந்தபோதுதான் வினையும் வந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு விசுவாசப் பிரமாணத்தை ஒப்பித்தால் போதும். அப்பாவுக்குப் போதவில்லை. ஞானஸ்நானத்துக்கு வருகிறவர்களைப் பற்றி அந்தக் காலத்தில் சாட்சி விசாரிப்பார்களாம்: விதவைகளை மதித்தாரா, நோயாளிகளைப் போய்ப் பார்த்தாரா என்று. அதனால் நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் தெருக்கோடியில் தனியாக இருந்த ரஹ்மத் அம்மாவைப் பார்த்து, வேண்டியதைச் செய்துவிட்டு, அதை நோட்டில் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் திடப்படுத்தலுக்குப் பெற்றோர் கொடுக்க வேண்டிய படிவத்தில் கையெழுத்து.

நான் ஒரு சனிக்கிழமைகூடப் போகவில்லை. சிநேகிதி வீட்டில் டி.வி. பார்த்துவிட்டு வந்து, "தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்", "அரிசி புடைத்தேன்" என்று நோட்டை நிரப்பினேன்.

படிவம் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம், அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தார். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, "இப்பிள்ளை ஆயத்தமாயிருக்கிறது என்று சாட்சி கொடுக்கிறேன்" என்ற வரியின் கீழே கையெழுத்துப் போட்டார்.

ரஹ்மத் அம்மா எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். மனம் மாறி அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில், அடுத்த சனிக்கிழமை முதல் ஆளாக அவர் வீட்டு வாசலில் நின்றேன். பக்தியுமில்லை, பாசமுமில்லை, வெறும் பயம். அவர் எதையும் கேட்காமல் டீ போட்டுக் கொடுத்தார். அதற்கடுத்த வாரமும் போனேன். உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டதால் கல்யாணத்துக்குப் பிறகும் போனேன். அவருக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது சொட்டு மருந்து விட்டது நான்தான். பயம் எந்த வருடத்தில் போனது என்று எனக்கே தெரியாது.

ஆனால் அப்பாவின் மேல் சந்தேகம் போகவில்லை. ஏமாந்தாரா, கண்டுபிடித்துவிட்டு மனதுக்குள் வைத்திருக்கிறாரா? கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அப்பா, "இன்னைக்குச் சனிக்கிழமையில்ல, போயிட்டு வந்தியாம்மா?" என்றார். இதுவும் விசாரணையோ என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். மூன்றாம் நாள் அப்பா கண்ணை மூடினார். அந்த வருத்தம் எனக்கு ஆறாது.

அடக்கம் முடிந்து துக்கம் விசாரிக்க ரஹ்மத் அம்மா வந்தார். அன்றைக்கு எனக்காகப் பொய் சொல்லிக் காப்பாற்றினீர்களே என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் விழித்தார்.

"நான் எங்க புள்ள பொய் சொன்னேன்? ஒரு நாளும் வரலைன்னு உள்ளதத்தான் சொன்னேன். சாரு வாசப்படி வரைக்கும் போயித் திரும்பி வந்தாக. பொறகு, 'இனிமே வரும்மா. நான் கேட்டத மட்டும் அதுகிட்டச் சொல்லிராதீக'ன்னுட்டுப் போனாக."

உலகத்தில் ஒருவரையும் விசாரிக்காமல் நம்பாத மனிதர், என்னை விசாரித்து, பொய் என்று தெரிந்த பிறகு நம்பியிருக்கிறார். நான்தான் அவரைக் கடைசிவரை நம்பவில்லை.

அப்பாவுக்காக ஜெபித்த ஆயரய்யாவுக்கும், முகம் சுளிக்காமல் கவனித்த செவிலியர்களுக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த அவருடைய பழைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கேட்டபோது உண்மையைச் சொல்லி, கேட்காதபோது வாய் திறக்காமல் இருந்த ரஹ்மத் அம்மாவுக்கு என் தனி நன்றி.

இந்த வருடம் என் மகளுக்குத் திடப்படுத்தல். பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியைச் சனிக்கிழமைதோறும் பார்த்துவர அவளை அனுப்புகிறேன். படிவம் மேசைமேல் இருக்கிறது. அவளுடைய நோட்டிலும் ஒரு சனிக்கிழமை விடாமல் நிரம்பியிருக்கிறது. எனக்குச் சந்தேகம்தான். நாளைக்கு அந்தப் பாட்டியிடம் போய் விசாரிக்கத்தான் போகிறேன், அப்பா. என்ன பதில் வந்தாலும் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.