ஃபீமரும் பட்டாசுக் குழாயும்

நர்சிங் முதலாண்டில் உடற்கூறியலில் தோற்றுவிட்டு, மறுதேர்வுக்குப் படிக்க, ஊரே பட்டாசுக் குழாய் சுருட்டும் தாயில்பட்டிக்கு, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். இந்தத் தடவையும் போனால் கல்லூரிக்கு முழுக்கு, நேராகப் பட்டாசுக் கம்பெனி வேலைதான் என்று அம்மா சொல்லிவிட்டாள். எனக்கு நர்ஸாக வேண்டும் என்று அவ்வளவு ஆசை. ஆனால் புத்தகத்தைப் பிரித்தால் கண் சொருகிவிடும். அதில் படமாக இருக்கும் எலும்புக்கூடு மட்டும் விழித்திருக்கும்.

அம்மா வீட்டிலிருந்தே பட்டாசுக்கான வெறும் காகிதக் குழாய்களைச் சுருட்டிக் கொடுப்பவள். என் கொட்டாவியைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், ஒரு நாள் குழாய் சுருட்டும் கம்பியையும் பசைக் கிண்ணத்தையும் என் பக்கம் தள்ளினாள்.

"ஏ புள்ள, தூங்கி விழுறதுக்கு இதையாவது சுருட்டு. சீசன் ஆர்டர் அம்புட்டும் அப்படியே கெடக்கு."

என் படிப்பின் மேல் அக்கறை என்று நினைத்துவிட வேண்டாம். ஆர்டர் மேல் அக்கறை.

கம்பியில் காகிதத்தைச் சுற்றி உருட்ட ஆரம்பித்ததும் தூக்கம் போன இடம் தெரியவில்லை. புத்தகத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, உருட்டிக்கொண்டே சத்தமாகப் படித்தேன். படித்தது மனதில் நின்றது. எனக்கு மட்டுமல்ல. பசையில் வாய் வைக்க வந்த ஆட்டை அம்மா, "ஃபீமரை முறிச்சுப்புடுவேன்!" என்று விரட்டினாள். தொடை எலும்பைத்தான் சொன்னாள். ஓங்கிய கையின் குறியும் சரியாக அங்கேதான் இருந்தது.

தேர்வறையில் வினாத்தாளைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோனது. கம்பி இல்லை, பசை இல்லை, கை சும்மா இருந்தது. அழுகை முட்டியது. அப்புறம் எப்போது தொடங்கினேனோ தெரியாது, வினாத்தாளைப் பேனாவில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். ஆடு ஞாபகம் வந்தது, பின்னாலேயே ஃபீமர், அதற்குப் பின்னால் மற்ற எலும்புகள்.

கண்காணிக்க வந்த மேடத்துக்குச் சந்தேகம். "என்ன, பிட்டா?" என்று பிடுங்கி விரித்தார். வினாத்தாள்தான்.

"எந்த ஊரும்மா?"

"தாயில்பட்டி, மேடம்."

"அதான பாத்தேன். விரிச்சு வச்சு எழுது."

பாஸாகிவிட்டேன். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கல்லூரிக்கு என் பையை அடுக்கினாள். உள்ளே அந்த வினாத்தாள் இன்னும் சுருண்டே கிடந்தது. எடுத்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள்.

"என்ன புள்ள, இம்புட்டு லூசா சுருட்டியிருக்க? நீ காலேஜுக்கே போ. கம்பெனியில ஒன்னைய எடுக்க மாட்டாக."