மாடியில் நின்று அம்மா காட்டிய படம்

எங்கள் ஆன்டெனாவுக்கு ஏழு கம்பிகள். ஏழாவது கம்பி நுனியில் சற்று வளைந்திருக்கும். காக்கை உட்கார்ந்து வளைத்துவிட்டது என்பாள் அம்மா. கடைக்காரன் வளைந்ததைத்தான் நம் தலையில் கட்டிவிட்டான் என்பாள் அக்கா. வீட்டுக்கார அம்மாவின் மொட்டை மாடியில், அவர்களுடைய இரும்புக் குழாய் ஆன்டெனாவுக்குப் பக்கத்தில், மூங்கில் கழியில் கட்டப்பட்டு அது நின்றது. அவர்களுடையது உயரம், புதுசு. எங்களுடையது குட்டை. ஆனாலும் ராணிப்பேட்டையில் எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்தவர்களில் சொந்தமாக ஆன்டெனா நட்ட முதல் குடும்பம் நாங்கள்தான். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குத் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. நிமிரட்டுமே, என்ன இப்போது?

அம்மா தோல் ஷாப்பில் வேலை பார்த்தாள். தோல் பதனிடும் தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பதமான தோலை மேசையில் விரித்து, அதன் மேல் சாயத்தைத் திட்டுத் திட்டாக விடாமல் ஒரே சீராகத் தேய்த்து, கடைசியில் பளபளப்புக்கு லாக்கர் பூசும் பிரிவு அவளுடையது. அதில் அவள் கைக்கு நல்ல பெயர். ஆனால் எத்தனை முறை சோப்புப் போட்டுத் துவைத்தாலும் சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த அந்த வாடை எங்கள் வீட்டுத் துணிமணிகளை விட்டுப் போகாது. அப்பா லாரி ஓட்டினார். வாரக்கணக்கில் வீடு வரமாட்டார். வீட்டில் எல்லாமே அம்மாதான்.

டிவி வாங்குவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கார அம்மா வீட்டில்தான் படம் பார்ப்போம். தெருப் பிள்ளைகள் எல்லாரும் உள்ளே பாயில் உட்காருவார்கள். எங்கள் இருவரிடம் மட்டும், "நீங்க வாசப்படி கிட்டயே குந்துங்க, காத்து வரும்" என்பார். காற்று யாருக்கு வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். ஒரு நாள் எங்களைக் கூப்பிட வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டாள். இருவர் கையையும் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்த வருடம் போனஸ் வந்த கையோடு, கதவு போட்ட பழைய கறுப்பு வெள்ளை டிவி ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. ஆன்டெனாக் கழியைக் கயிற்றால் இறுக்கியபடி அம்மா சொன்னாள்: "வானத்துல வர்றது எல்லாருக்கும் பொது. கம்பி நட்டவங்க புடிச்சிக்கலாம். இனிமே எவ வாசல்லயும் நீங்க குந்தக் கூடாது."

சில மாதங்கள் படம் நன்றாகத்தான் வந்தது. பிறகு புள்ளி விழ ஆரம்பித்தது. கடைசியில் ஆள் எது, மரம் எது என்று தெரியாத அளவுக்குப் போய்விட்டது. அந்தச் சமயம் பார்த்துத்தான் அக்காவின் பள்ளிக்கு மெட்ராஸ் டிவி நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. பன்னிரண்டு பெண்கள் கும்மியடித்துப் பாடவேண்டும். வாலாஜா ரோடு ஸ்டேஷனில் ரயிலேறிப் போய், முகத்தில் ஒட்டிய பவுடர்கூடக் கலையாமல் அக்கா திரும்பி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் காட்டுவார்களாம். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். சும்மா சொல்லவில்லை, "எங்க வீட்டுக்கு வந்து பாருங்க" என்று சொன்னாள். எங்கள் வீட்டு டிவியிலோ படமே இல்லை!

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவி மெக்கானிக் பாய் வந்தார். நல்ல மனுஷர். கழியைக் கிழக்கே திருப்பினார், கொஞ்சம் வடக்கே திருப்பினார். "இப்ப?" என்று அவர் மேலிருந்து கேட்க, "இல்ல!" என்று நான் கீழிருந்து கத்த, ஒரு மணி நேரம் போனது. இறங்கி வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "மெட்ராஸ் தூரம்மா. பூஸ்டர் இல்லாம ஜாஸ்தி எதிர்பாக்காதீங்க" என்றார். சிக்னலைக் கூட்டித் தருகிற அந்தப் பெட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது? முற்றத்தில் நின்று வேடிக்கை பார்த்த வீட்டுக்கார அம்மா, "இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? பசங்கள கூட்டிக்கினு நம்ம வீட்டுக்கு வந்துடு. வாசப்படி கிட்ட எடம் வைக்கிறேன்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் சுட்டது. அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

ஏறியவள் கழியைத் திருப்பவில்லை. ஒயர் வந்து ஆன்டெனாவில் சேரும் இடத்தையே குனிந்து பார்த்தாள். எங்கள் ஊரில் வெள்ளி கறுக்கும், பித்தளை கறுக்கும், செம்புக் குடம் ஒரே வாரத்தில் கறுக்கும். எல்லாம் தோல் ஷாப்புக் காற்றின் வேலை. பார்த்துப் பார்த்துப் பழகிப்போய், கறுப்பு யார் கண்ணிலும் படாது. பாய் அந்த ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டேதான் திசையைத் தேடிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் தன் வெள்ளி மெட்டியைச் சாம்பல் போட்டுத் துலக்குகிற அம்மாவுக்குத்தான் அது உறைத்தது. "அடியே! அந்த பஃபிங் பேப்பர எடுத்தாடி!" என்று மேலிருந்து கத்தினாள். தோலைத் தேய்த்து வழவழப்பாக்குகிற உப்புக்காகிதம் அது. அரிவாள்மணை தீட்ட ஒரு துண்டு எங்கள் அடுப்பங்கரையில் எப்போதும் கிடக்கும்.

அவள் தேய்க்கத் தேய்க்கக் கரி உதிர்ந்தது. கீழே டிவியில் சட்டென்று ஒரு முகம் தெளிந்தது. நிகழ்ச்சி பார்க்க வந்து வீடு நிறைய உட்கார்ந்திருந்த சனம் "ஓ!" என்று கத்தியது. அடுத்த நொடியே போய்விட்டது. அரித்துப்போயிருந்த திருகாணி, தேய்த்த வேகத்தில் உடைந்து விழுந்துவிட்டது. அம்மா முந்தானையைச் சுருட்டி ஒயரைக் கம்பியோடு சேர்த்து அழுத்தினாள். படம் வந்தது. கையை எடுத்தாள், போனது. மறுபடி அழுத்தினாள், வந்தது.

"கைய எடுத்தா போய்டுதும்மா!" என்று கத்தினேன்.

"அப்ப எடுக்கல, போ!" என்றாள்.

அதற்குள் நிகழ்ச்சியின் இசை ஆரம்பித்துவிட்டது. அக்கா ஏணியடிக்கு ஓடி, "நான் புடிச்சிக்கிறேன், நீ வந்து பாரும்மா" என்று அழாக்குறையாகக் கெஞ்சினாள். "ஏறாத, கை மாத்துனா படம் ஆடும். நீயே உன்னப் பாக்காம இன்னாத்துக்குடி அம்மாந்தூரம் போய்ப் பாடுன? உள்ள போ!" என்று மேலிருந்து ஒரு அதட்டல் வந்தது. அக்கா உள்ளே போனாள். நான் டிவிக்கும் முற்றத்துக்குமாக ஓடினேன். "அம்மா, அக்கா வந்துட்டா! மூணாவதா நிக்குறா! ஐயோ, சிரிக்கிறாம்மா! ரிப்பன் தெரியுது! கிட்டக்க காட்டுறாங்க, அக்கா மூஞ்சி மட்டும் காட்டுறாங்க!" மத்தியான வெயிலில், கொதிக்கிற தளத்தில், செருப்புக்கூட இல்லாமல் நின்றாள் அம்மா. ஒவ்வொன்றுக்கும் "ம்", "ம்" என்றாள். பாட்டு முடியும்வரை படம் ஒரு முறைகூட அசையவில்லை.

மறுநாள் ஷாப்பிலிருந்து ஒரு சின்னப் புட்டியில் லாக்கர் கேட்டு வாங்கிவந்தாள். புதுத் திருகாணி போட்டு, அந்த மூட்டு முழுக்கத் தோலுக்குப் பூசுவதுபோல நிதானமாகப் பூசினாள். அதன் பிறகு காற்றுப் படாமல் வருடக்கணக்கில் அந்த இடம் கறுக்கவே இல்லை. பாய் வந்து தடவிப் பார்த்துவிட்டு, "தெருத்தெருவா திசைய திருப்பிக்கினு இருந்தேனேம்மா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு அவரும் லாக்கர் பூசத் தொடங்கினார். கேட்டவர்களிடம் எல்லாம், "அந்த அம்மா சொல்லிக் குடுத்தது" என்று மறைக்காமல் சொல்வார்.

இப்போது அந்த மாடியில் கம்பி ஆன்டெனா ஒன்றுகூடக் கிடையாது. பிடிக்கலாம் என்றாலும் காற்றில் அந்த ஒளிபரப்பு வருவதில்லை. நான் ஷூ கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். அக்கா பக்கத்தில் கலவை ஊரில் டீச்சர். அவள் பாடம் நடத்துவதை யாரோ படம்பிடித்து அனுப்ப, அம்மா அதை போனில் நாளுக்குப் பத்துத் தடவை பார்க்கிறாள். அந்தக் கும்மிப்பாட்டை மட்டும் அவள் பார்த்ததே இல்லை. அதைப் பதிந்து வைக்க எங்களிடம் என்ன இருந்தது? இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் கடைசியில் "ஐயோ பாவம்" என்பார்கள். எனக்குப் பொத்துக்கொண்டு கோபம் வரும்.

அப்படி முதலில் சொன்னவர் வீட்டுக்கார அம்மாதான். கும்மிப்பாட்டு வந்ததற்கு மறுநாள் காலை குழாயடியில் நாலு பேர் இருக்கும்போது, "இன்னா நீ, பெத்தவ நீயே பாக்கலியாமே? பாவம். எங்க வீட்டுக்கு வந்திருந்தா பளிச்சினு பாத்திருக்கலாம் இல்ல?" என்றார். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் அவசரமே படாமல் நிறைந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"பாக்கத் தெருவே இருந்துச்சிம்மா. எம் பொண்ண காட்டுனவ நானு."